கிச்சன் மேடைக்கு அடியில் வாஷிங் மெஷின் நுழையவில்லை, அளவு சரியாகத்தான் இருந்தது. உதவி தேவை

குண்டாற்றங்கரை (செங்கோட்டை)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். ஜூன் பிறந்தால் இங்கே சாரல் தொடங்கிவிடும், அதற்குள் இந்த வேலை முடிந்தாக வேண்டும்.

பழைய மெஷின் பின்வாசல் தாழ்வாரத்தில் இருந்தது. ஆரியங்காவு கணவாய்க் காற்று சாரலைப் பக்கவாட்டில் அள்ளிக்கொண்டு வரும், மேலே கூரை இருந்தும் பயனில்லை. ஆறே வருடத்தில் அடித்தகடு துருவேறி, விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதனால் புதிதாக வாங்கிய 7 கிலோ ஃப்ரன்ட் லோட் மெஷினை கிச்சன் மேடைக்கு அடியில், சிங்குக்குப் பக்கத்தில் வைக்க முடிவு செய்தோம்.

மெஷின் உயரம் 85 செ.மீ., அகலம் 60, ஆழம் 55. தரையிலிருந்து கிரானைட் விளிம்பின் அடி வரை நானே டேப் வைத்து அளந்தேன், 33½ அங்குலம். 85 செ.மீ. என்றாலும் 33½ அங்குலம்தான். இழுத்துப் பிடித்தால் போய்விடும் என்று நம்பினேன். ஆசாரி கப்போர்டைக் கழற்றிய பிறகுதான் தெரிகிறது, மேடைக்கு அடியில் தரை 2 அங்குலம் உயரமாக இருக்கிறது. கழுவுகிற தண்ணீர் உள்ளே போகாமலிருக்க கொத்தனார் எழுப்பிய திட்டு. அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மெஷினின் மேல்மூடியைக் கழற்றிவிட்டால் நுழைந்துவிடும் என்கிறார் ஆசாரி. கழற்றலாமா? இல்லை, கிரானைட்டையே தூக்க வேண்டுமா? அடியில் 18 அங்குலத்துக்கு ஒரு கடப்பா கல் தடுப்பு இருக்கிறது. முன்னால் ஷட்டர் போட்டு மெஷினை மறைக்கவும் ஆசை.

இன்னொன்று. அடுப்படிக்குள் அழுக்குத் துணி வருவதே அத்தைக்குப் பிடிக்கவில்லை. அதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

தென்காசித் தம்பி

அக்கா, மூடியைத் தாராளமாகக் கழற்றலாம். பின்னால் இரண்டு ஸ்க்ரூதான். 3 செ.மீ. வரை குறையும்.

மரவேலை (புனலூர்)

தம்பி, அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். விளிம்புக்கு அடியில் 33½, அதில் திட்டு 2 போனால் 31½ அங்குலம். செ.மீ.யில் 80. மூடியைக் கழற்றினாலும் மெஷின் 82 இருக்கும், அப்போதும் நுழையாது. அது ஒரு பக்கம். மூடிக்கு அடியில் ஒயரும் சர்க்யூட் போர்டும் திறந்து கிடக்கும். பக்கத்தில் சிங்க், கிரானைட் இணைப்பில் ஒரு சொட்டு இறங்கினால் போதும். மூடி கழற்றி வைப்பதற்கென்றே வருகிற மாடல்களுக்குத் தனியாகத் தகடு கொடுப்பார்கள். அது இல்லாமல் கை வைக்க வேண்டாம், வாரண்டியும் போகும்.

அக்கா, ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். கிரானைட் விளிம்புக்கு அடியில் விரலை வைத்து உள்ளே நகர்த்துங்கள். விரல் மேலே ஏறுகிறதா?

குண்டாற்றங்கரை

ஆமாம், ஏறுகிறது! முன்பக்கம் ஒரு பட்டி மாதிரி தொங்குகிறது. அதைத் தாண்டினால் முக்கால் அங்குலம் மேலே இருக்கிறது கல்.

மரவேலை (புனலூர்)

அப்படியென்றால் கிரானைட்டைத் தூக்க வேண்டாம். கல் கனமாகத் தெரியவேண்டும் என்று விளிம்பில் இன்னொரு பட்டியை ஒட்டி மோல்டிங் செய்திருக்கிறார்கள். கல்லின் உண்மையான அடிப்பக்கம் தரையிலிருந்து 34¼ அங்குலத்தில் இருக்கிறது. மெஷின் வருகிற இடத்தில் மட்டும் அந்தப் பட்டியை வெட்டி எடுத்து, திட்டையும் உடைத்து கிச்சன் தரை மட்டத்துக்கே டைல்ஸ் போட்டால் மேலே முக்கால் அங்குலம் இடைவெளி கிடைக்கும். அது போதும். பட்டியைச் சுத்தியால் தட்டி எடுக்க விடாதீர்கள், மேல் கல்லிலும் விரிசல் ஓடிவிடும். கட்டர் வைத்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டே நிதானமாக அறுக்க வேண்டும்.

அகலம்தான் கவனிக்க வேண்டிய விஷயம். 60 செ.மீ. என்றால் 24 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் விட்டு 26 வேண்டும். உங்கள் தடுப்பு 18க்கு ஒன்று இருப்பதால் நடுவில் ஒரு கடப்பா கல்லை எடுத்தே தீர வேண்டும். எடுத்தால் மேல் கல் 36 அங்குலம் தாங்கல் இல்லாமல் நிற்கும், அந்த நீளம் ஆபத்து. அதனால் முதலில் 26 அங்குலத்தில் புதுத் தடுப்பை நிறுத்துங்கள், சிமென்ட் இரண்டு மூன்று நாள் காயட்டும், அதன் பிறகு பழையதை எடுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. மாற்றிச் செய்து கிரானைட் இரண்டாகப் பிளந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

ஷட்டர் வேண்டாம் என்பது என் கருத்து. மேடை ஆழம் 24 அங்குலம், அதாவது 61 செ.மீ. மெஷின் 55. பின்னால் குழாய் வளைய 10 செ.மீ. சேர்த்தால் 65 ஆகிறது, மெஷினே வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு முன்னால் ஷட்டர் எங்கே போடுவது? இடம் இருந்தாலும் நான் போட மாட்டேன். துவைத்து முடித்த மெஷினுக்குள் ஈரம் நிற்கும், கதவைத் திறந்து வைத்தால்தான் ரப்பரில் கறுப்புப் பூஞ்சை பிடிக்காது. நம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே ஈரம். மூடின கப்போர்டுக்குள் வைத்தால் பக்கத்துப் பலகையும் ஊதும். பக்கத்துக் கப்போர்டைத் திரும்பப் பொருத்தும்போது ஐஎஸ் 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டாகக் கேட்டு வாங்குங்கள், வெட்டின விளிம்பு எல்லாவற்றையும் சீல் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் ஏறுவது விளிம்பு வழியாகத்தான்.

குழாய்வேலை (கடையநல்லூர்)

புனலூர்க்காரர் சொன்னது சரி. என் பங்குக்குச் சில விஷயம்.

திட்டை உடைப்பதற்கு முன்னால் சிங்க் கழிவுக் குழாய் அதற்குள் போகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அதற்குள்தான் புதைத்திருப்பார்கள்.

வீடு பழையதா, புதியதா? சுவர் கனம் எவ்வளவு?

குண்டாற்றங்கரை

கழிவுக் குழாய் சுவர் ஓரமாகப் போகிறது, திட்டுக்குள் இல்லை. வீடு செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தபோது, 1956க்கு முன்னால் கட்டியது. கிச்சன் மேடை மட்டும் பிற்பாடு போட்டது. சுண்ணாம்புச் சுவர், 18 அங்குலம்.

குழாய்வேலை (கடையநல்லூர்)

ரொம்ப நல்லது. அவ்வளவு கனமான சுவர் என்றால், மெஷினுக்குப் பின்னால் மட்டும் 3 அங்குலம் ஆழத்துக்கு ஒரு மாடம் எடுத்து, குழாய் வளைவை அதற்குள் விடலாம். மெஷின் மேடை விளிம்போடு ஒன்றிவிடும். பழைய சுண்ணாம்பு உதிரும், உளியால் மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள், உள்ளே சிமென்ட் பூசிவிடுங்கள்.

தண்ணீர் வால்வையும் பிளக் பாயின்ட்டையும் மெஷினுக்குப் பின்னால் வைக்காதீர்கள். இரண்டும் சிங்க் கப்போர்டுக்குள், கதவைத் திறந்தால் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். அவசரத்தில் வால்வை மூட 65 கிலோ மெஷினை இழுக்க முடியாது. ஹீட்டர் ஓடும்போது 2000 வாட், 9 ஆம்பியர் வரை இழுக்கும். அதனால் 16 ஆம்பியர் பாயின்ட், சரியான எர்த். மிக்ஸி ஓடுகிற 6 ஆம்பியர் பாயின்ட்டில் மாட்டக்கூடாது. பிளக் பாயின்ட் கப்போர்டுக்குள்ளேயே சிங்க் கழிவுக் குழாய்க்கு மேலே, தண்ணீர் தெறிக்காத உயரத்தில் இருக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை அம்மா (பாலக்காடு)

மகளே, உன் அத்தை சொல்வதைத் தள்ளிவிடாதே. எங்கள் பக்கம் அடுக்களைக்குப் பின்னால் வொர்க் ஏரியா என்று தனியாக ஒன்று கட்டுவதே இதற்காகத்தான். மீன் கழுவுவது, துணி துவைப்பது எல்லாம் அங்கே. உன் வீட்டில் அது இல்லை, சாரலும் விடாது, வேறு இடம் கிடையாது என்று பொறுமையாகச் சொல். கூடவே ஒரு ஏற்பாடும் செய். அழுக்குக் கூடை அடுக்களைக்கு வெளியே, பின்வாசலில் இருக்கட்டும். துணியைப் பிரிப்பது, கறை தேய்ப்பது எல்லாம் அங்கேயே. அங்கிருந்து நேராக மெஷினுக்குள் போட வேண்டும், மேடையில் ஒரு துண்டுகூட வைக்கக் கூடாது. சமையல் முடிந்த பிறகு ஓட்டு. என் மாமியாரும் இப்படித்தான் ஒத்துக்கொண்டார்.

குண்டாற்றங்கரை

(பதினாறு நாள் கழித்து)

வேலை முடிந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி. புதுத் தடுப்பு, பட்டி வெட்டியது, மாடம் எல்லாம் சொன்ன வரிசையிலேயே செய்தோம். மெஷின் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல உள்ளே போனது. கூடை விஷயத்தைச் சொன்னதும் அத்தையே பின்வாசலில் ஆணி அடிக்க இடம் காட்டினார்.

ஆனால் இன்று முதல் தடவை ஓட்டினேன், இரண்டு பிரச்சினை. தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, அரைமணி நேரமாகியும் டிரம்மில் மட்டம் கூடவில்லை. நிறுத்திவிட்டு ஸ்பின் மட்டும் போட்டால், மேடையில் இருந்த பாத்திரங்கள் எல்லாம் நடக்கிற அளவுக்கு அதிர்கிறது. பயந்து அணைத்துவிட்டேன். கிரானைட் போய்விடுமோ?

குழாய்வேலை (கடையநல்லூர்)

ஸ்பின் போடாதீர்கள், முதலில் தண்ணீர் விஷயம். மேல்தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? தொட்டி மூன்று மீட்டர் மேலே என்றால் அழுத்தம் 0.3 பார்தான், ஏறுவது மெதுவாக இருக்கும். ஆனால் மட்டமே கூடவில்லை என்றால் வேறு சந்தேகம். கழிவுக் குழாயின் நுனி எங்கே விட்டிருக்கிறீர்கள்? தண்ணீர் ஏறும்போதே அந்த நுனியில் கை வைத்துப் பாருங்கள்.

குண்டாற்றங்கரை

தரையில் இருக்கிற ஓட்டைக்குள் விட்டிருக்கிறார்கள். கை வைத்தேன், தண்ணீர் ஏற ஏற அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது!

குழாய்வேலை (கடையநல்லூர்)

அதேதான். நுனி தாழ்வாக இருந்தால், பம்ப் ஓடாமலேயே தண்ணீர் தானாக இழுத்துக்கொண்டு போய்விடும், டியூப் போட்டு டிரம்மிலிருந்து மண்ணெண்ணெய் இறக்குவது போல. ஒன்றரை அங்குல பிவிசி குழாயை அந்த ஓட்டையிலிருந்து நேராக மேலே எழுப்பி, தரையிலிருந்து 60 செ.மீ.க்கு மேல் நுனியைக் கொக்கி மாதிரி வளைத்து உள்ளே விடுங்கள். ஒரு மீட்டரைத் தாண்ட வேண்டாம், பம்புக்குச் சிரமம். வாயைச் சுற்றி டேப் ஒட்டி அடைத்துவிடாதீர்கள், காற்று போக வேண்டும்.

மரவேலை (புனலூர்)

அதிர்வுக்கு என் கேள்வி: டைல்ஸ் வேலைக்காக மெஷினை நகர்த்தினீர்களா? பின்பக்கம் பெரிய போல்ட் எதுவும் தெரிகிறதா?

குண்டாற்றங்கரை

ஹாலுக்குத் தூக்கி வைத்திருந்தோம். தூக்கும்போது டிரம் ஆடக்கூடாது என்று கையேட்டில் போட்டிருந்ததால், கடைக்காரர்கள் கழற்றிக் கொடுத்த நான்கு போல்ட்டையும் என் மகன் திரும்பப் போட்டான். ஐயோ, அதை எடுக்கவே இல்லை.

மரவேலை (புனலூர்)

போட்டது சரி, ஓட்டுவதற்கு முன் எடுத்திருக்க வேண்டும். அந்த போல்ட் டிரம்மை உடம்போடு இறுக்கிக் கட்டிவிடும். ஸ்பிரிங் ஆட முடியாததால் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றின் வேகம் முழுக்கத் தரைக்கும் மேடைக்கும் போகிறது. நான்கையும் எடுத்துவிட்டு ஓட்டைகளில் பிளாஸ்டிக் மூடியை மாட்டுங்கள். போல்ட்டை ஒரு கவரில் போட்டு சிங்க் கப்போர்டில் தொங்கவிடுங்கள், அடுத்த முறை நகர்த்தும்போது தேவைப்படும். அப்புறம் ரசமட்டம் வைத்துப் பார்த்து நான்கு காலையும் சரிசெய்து, கால் நட்டை இறுக்குங்கள். மெஷின் எந்தப் பக்கமும் கல்லையோ பலகையையோ தொடக்கூடாது.

குண்டாற்றங்கரை

இரண்டும் செய்தாயிற்று. முன் இடது கால் டைல்ஸ் இணைப்பின் மேல் நின்று ஒரு நூல் ஆடியது, அதையும் சரிசெய்தோம். இப்போது 1000 சுற்றில் ஸ்பின் ஓடும்போது மேடை மேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். நடுவில் சின்ன வட்டம் மட்டும் நடுங்கியது, ஒரு சொட்டு சிந்தவில்லை. மெஷின் சரியாக 15 நிமிடத்தில் தண்ணீர் பிடித்தது, கழிவு நுனியில் இடையில் ஈரமே இல்லை. வெளியே மலை மேல் மேகம் இறங்கியிருக்கிறது. முதல் லோடாக அத்தையின் சேலைகளைத்தான் போட்டோம்.

மரவேலை (புனலூர்)

சந்தோஷம் அக்கா. ஒன்று விட்டுப்போனது. மெஷினுக்குக் கீழே முன்பக்கம் ஒரு மூலையில் சின்னக் கதவு இருக்கும், அதற்குள்தான் ஃபில்டர். ஆசாரி அழகுக்கு அந்த இடத்தில் பட்டி அடிக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாதம் ஒரு முறை அதைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும், தாழ்வாக ஒரு தட்டம் நுழைகிற அளவு இடம் இருக்கட்டும்.