இரண்டு லட்சம் வரிகளைக் காத்திருக்க வைக்காமல் உலாவியில் காட்டுவது எப்படி?

அம்பை நெல்மணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் உள்ள ஓர் அரிசி ஆலைக்கு எடைமேடைப் பதிவுகளைப் பார்க்கும் வலைப்பக்கம் ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். கார், பிசானம் ஆகிய இரு நெல் பருவங்களிலும் வந்த ஒவ்வொரு நெல் வண்டிக்கும் நாள், விவசாயியின் பெயர், ஊர், நெல் ரகம், எடை என்று ஒரு வரி உண்டு. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கும் சேர்ந்து ஏறத்தாழ 2 லட்சம் வரிகள் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருக்கின்றன. பிஎச்பி நிரல் அவற்றை எடுத்து ஒரே அட்டவணையாக அச்சிடுகிறது. அதற்கு முன்னால், பக்கத்தை உலாவிக்கு அனுப்பும் வலைச் சேவையகமாக என்ஜின்எக்ஸ் நிற்கிறது.

கணக்கர் 'எல்லாம்' என்ற பொத்தானை அழுத்தினால் முக்கால் நிமிடம் வரை வெள்ளைத் திரைதான். சில நாள்களில் நினைவகம் போதவில்லை என்ற பிழையோடு பக்கம் நின்றுவிடுகிறது. முதல் வரிகள் உடனே தோன்றி, மீதி பின்னால் வந்து சேர வேண்டும் என்பது என் விருப்பம். சேர்ந்ததை உடனே வெளியே தள்ளும் ஃப்ளஷ் கட்டளையை வரிக்கு வரி அழைத்துப் பார்த்தும் பலனில்லை. எங்கே தவறுகிறேன்?

பாளை நிரலர் எழுதியது:

தம்பி, ஃப்ளஷ் அழைத்தது தவறில்லை. அது ஒரு மடையை மட்டும்தான் திறக்கிறது. கால்வாயில் தண்ணீர் விட்ட அன்றே நம் ஊர்க் கடைசிக் குளத்துக்கு வந்துவிடுவதில்லை; மேலே உள்ள குளம் பெருகி மறுகால் பாய்ந்த பிறகே அடுத்த குளம் நனைகிறது. உங்கள் வரிகளும் தரவுத்தளத்திலிருந்து திரைக்கு வரும் வழியில் அப்படிப் பல இடங்களில் தேங்குகின்றன. அவற்றில் ஒன்று அடைபட்டிருந்தாலும் மற்றவற்றைத் திறந்து பயனில்லை என்பதால், மேலிருந்து கீழாகப் பார்த்து வாருங்கள்.

முதல் தேக்கம் வரிசைப்படுத்துதல். நாள் வாரியாகக் கேட்கிறீர்கள், ஆனால் அந்தப் புலத்துக்கு இன்டெக்ஸ் (முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்த சுட்டுப்பட்டியல்) இல்லை என்றால், தரவுத்தளம் எல்லா வரிகளையும் படித்து அடுக்கி முடித்த பிறகே முதல் வரியை வெளியே விடும். வினவலை எப்படி நிறைவேற்றும் என்று தரவுத்தளத்தையே சொல்லவைக்கும் எக்ஸ்ப்ளெயின் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். அதில் 'யூசிங் ஃபைல்சார்ட்' (தனியாக வரிசைப்படுத்துகிறது) என்று வந்தால் நாளையும் வரிசை எண்ணையும் சேர்த்து ஓர் இன்டெக்ஸ் போடுங்கள்.

இரண்டாவதுதான் உங்கள் நினைவகப் பிழைக்குக் காரணமாக இருக்க வேண்டும். பிஎச்பியைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் மைஎஸ்கியூஎல்ஐ நீட்சி வழக்கமாக முழு விடையையும் பிஎச்பியின் நினைவகத்துக்குள் இழுத்துக்கொண்டுதான் முதல் வரியை உங்கள் கையில் தரும். பிஎச்பியின் இயல்பான நினைவக வரம்போ 128 மெகாபைட். 'யூஸ் ரிசல்ட்' முறையில் கேட்டால் வரிகள் ஒவ்வொன்றாக வரும். ஆனால் கடைசி வரி வரை வாங்கி முடிக்காமல், அதே இணைப்பில் வேறு வினவலை அனுப்ப முடியாது. விவசாயியின் பெயரைத் தனி வினவலில் எடுப்பவராக இருந்தால் அதை, இரண்டையும் ஒரே வினவலில் சேர்த்தெடுக்கும் ஜாயின் ஆக மாற்றிவிடுங்கள்.

அடுத்து பிஎச்பியின் சொந்த வெளியீட்டுத் தேக்கம்; அதற்கு ஃப்ளஷுக்கு முன் ஓபி-ஃப்ளஷ் அழைக்க வேண்டும். அதற்கும் கீழே என்ஜின்எக்ஸ், ஃபாஸ்ட்சிஜிஐ என்ற இணைப்பு முறை வழியாகப் பிஎச்பியிலிருந்து வருவதை இயல்பாகவே தேக்கி வைத்துத்தான் அனுப்புகிறது. 'எக்ஸ்-ஆக்செல்-பஃபரிங்: நோ' என்ற தலைப்புவரியை நிரலிலிருந்து அனுப்பினால் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் அது விலகும். பக்கத்தின் மொத்த நீளம் முன்கூட்டியே தெரிய வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம்; துண்டு துண்டாக அனுப்பும் முறை, வலைப்பக்கங்களை அனுப்பும் நெறிமுறையான எச்டிடிபி 1.1-இன் வரையறையில் 1997 முதலே இருக்கிறது. வரிக்கு வரி ஃப்ளஷ் செய்வதும் வீண் சுமை. இருநூறு வரிகளுக்கு ஒரு முறை போதும்.

கடைசித் தடை அட்டவணையே. பத்திகளின் அகலத்தை உள்ளடக்கம் பார்த்து உலாவி தீர்மானிப்பதால், வரிகள் வர வர அகலம் மாறி அட்டவணை துள்ளிக்கொண்டே இருக்கும். 'டேபிள்-லேஅவுட்: ஃபிக்ஸ்டு' என்ற பாணி விதியைக் கொடுத்து, அகலத்தை நீங்களே சொல்லிவிடுங்கள்.

அம்பை நெல்மணி எழுதியது:

மிக்க நன்றி, அண்ணாச்சி. இன்டெக்ஸும் 'யூஸ் ரிசல்ட்'டும் சேர்ந்ததும் முதல் வரிகள் ஒரு நொடிக்குள் வந்துவிட்டன. பிறகு இன்னும் சீராக இருக்கட்டுமே என்று, ஒவ்வொரு வரியையும் ஜேசன் என்ற தரவு வடிவில் தனித்தனியாக அனுப்பி, உலாவியில் ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் கட்டளை வழியாகத் துண்டு துண்டாகப் படிக்கும்படி மாற்றினேன். அதில் கல்லிடைக்குறிச்சி போன்ற ஊர்ப் பெயர்கள் அங்கங்கே உடைந்து, நடுவில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தோன்றுகிறது; ஆங்கிலத்தில் உள்ள ரகப் பெயர்களோ சரியாக இருக்கின்றன.

வள்ளியூர் வாசகி எழுதியது:

இந்தக் கோளாறு நம் எழுத்துக்கே உரியது போலத் தெரிந்தாலும் காரணம் எளியது. எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரே பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், மெய்யும் அதன்மேல் ஏறும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகள். ஆகவே 'கல்லிடைக்குறிச்சி' என்ற ஒரே சொல் 17 குறிகள், 51 பைட். பிணையம் துண்டை எங்கே வெட்டும் என்பதற்கு வரையறை கிடையாது. ஒரு குறியின் மூன்று பைட்டுகளுக்கு நடுவில் வெட்டு விழுந்தால் இரு பக்கமும் பழுதாகிவிடும். பைட்டுகளை எழுத்தாக மாற்றும் டெக்ஸ்ட்-டீகோடரை ஒன்றே ஒன்றாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் 'ஸ்ட்ரீம்: ட்ரூ' என்ற தெரிவோடு கொடுங்கள், அரைகுறை பைட்டுகளை அது அடுத்த துண்டு வரும்வரை காத்து வைக்கும். அதுபோலவே வரி முடியாத மிச்சத்தையும் நீங்கள் எடுத்து வைத்து அடுத்த துண்டோடு ஒட்ட வேண்டும்.

ஆனாலும் 2 லட்சம் வரிகளை உலாவிக்கு அனுப்புவதையே நான் ஏற்க மாட்டேன். அத்தனை வரிகளும் பக்கத்தில் தங்கினால் உருட்டுவதே கனக்கும். நூறு வரிகளாகக் கேட்டு வாங்குங்கள்; அதிலும் 'இத்தனை வரிகளைத் தாண்டி' என்று கேட்கும் ஆஃப்செட் வேண்டாம், ஏனென்றால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிக் கேட்டால் தரவுத்தளம் அந்த ஒன்றரை லட்சத்தையும் எண்ணித் தள்ளிய பிறகே நூறைத் தரும். கடைசியாகக் காட்டிய நாளையும் வரிசை எண்ணையும் சொல்லி, அதற்கு அடுத்த நூறு என்று கேளுங்கள். ஒரே நாளில் பல வண்டிகள் வருவதால் நாள் மட்டும் போதாது. இத்தனைக்கும் முன், கணக்கர் அந்த 'எல்லாம்' பொத்தானை எதற்காக அழுத்துகிறார் என்று கேட்டீர்களா?

அம்பை நெல்மணி எழுதியது:

கேட்கவில்லை, அக்கா, இன்று காலையில்தான் போய்க் கேட்டேன். பக்கத்தின் அடியில் வரும் மொத்த எடையைப் பார்ப்பதற்காகவே அவர் அழுத்தியிருக்கிறார். அதற்கு மேலே உள்ள வரிகளை ஒருநாளும் படித்ததில்லை. பருவ வாரியான மொத்தத்தைத் தரவுத்தளத்திலேயே கூட்டிப் பக்கத்தின் உச்சியில் வைத்துவிட்டேன். கீழே நூறு நூறாக வரிகள் வருகின்றன. தணிக்கைக்காரர் கேட்கும் முழுப் பட்டியலுக்கு மட்டும், அண்ணாச்சி சொன்ன வழியில் தேக்கமில்லாமல் இறங்கும் கோப்பு ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.