ஆல்வேஸ் ‘ப்ளூ ரெவ்’: குரல் அமுங்குறது கோளாறா, வேணும்னே செஞ்சதா?

மொட்டைமாடி_ரேடியோ:
டொரன்டோவோட ஆல்வேஸ் இசைக்குழு பத்தி நம்ம ஆளுங்க பேசுறதே கம்மி. 2014 முதல் ஆல்பத்துலயும் 2017 ‘ஆன்டிசோஷலைட்ஸ்’லயும் மோலி ரேங்கின் குரல் முன்னாடி நிக்கும், கிட்டார் பின்னாடி மினுங்கும். 2022 ‘ப்ளூ ரெவ்’ல கிட்டார் குரல் மேலயே ஏறி உக்காந்திருக்கு. இதைத்தான் முதிர்ச்சிங்கிறாங்களா? இன்னொண்ணு, அதுல வர்ற ‘ஃபார்மசிஸ்ட்’ பாட்டுல சுருதி வழுக்குற அந்த கிட்டார் சத்தத்தை வீட்ல எப்படி எடுக்குறது?

நாலுகட்டை:
இரைச்சலை முதிர்ச்சின்னு சொன்னா தப்பு. பாட்டைக் கட்டின விதத்தைப் பாருங்க. 14 பாட்டு, மொத்தமே சுமார் 39 நிமிஷம். ‘ஃபார்மசிஸ்ட்’ ரெண்டு நிமிஷத்தைச் சும்மா தொட்டுட்டு, பல்லவிக்குத் திரும்பாம கிட்டார் சோலோலயே முடியுது. முன்னாடின்னா அதே பல்லவியை இன்னும் ரெண்டு தரம் பாடியிருப்பாங்க. ‘பெலிண்டா செஸ்’ல கடைசியில சுருதி மேல ஏறும்போது மெட்டு புதுசா பிறந்த மாதிரி இருக்கும். சுருதி ஏத்துறது பழைய பாப் வித்தைதான், ஆனா அதுவரைக்கும் அடக்கி வெச்சதாலதான் இங்க எடுபடுது.

டிரம்ஸ் ஷெரிடன் ரைலி, பேஸ் ஆபி பிளாக்வெல். இந்த ஜோடி சேர்ந்த முதல் ஆல்பம் இது. தயாரிப்பாளர் ஷான் எவரெட் ஸ்டுடியோவுல முழு ஆல்பத்தையும் முதல்லேர்ந்து கடைசிவரை ரெண்டு தடவை வாசிக்க வெச்சார். பாட்டுக்கு நடுவுல 15 நொடிதான் இடைவெளி. மேல மேல சத்தம் சேர்க்குற அடுக்கு வேலையெல்லாம் அதுக்கப்புறம்தான். அத்தனை அடுக்குக்குக் கீழயும் ஒரே மூச்சில வாசிச்ச வேகம் கேட்குதே, காரணம் இதுதான்.

பெடல்போர்டு_பாண்டி:
கிட்டார் விஷயத்துக்கு வர்றேன். ட்ரெமலோ கைப்பிடியை (அழுத்தினா சுருதி இறங்குற நெம்புகோல்) உள்ளங்கையில பிடிச்சுக்கிட்டே முழு கார்டையும் (பல ஸ்வரம் சேர்ந்த கொத்து) அடிக்கணும். அழுத்தம் ரொம்பக் கம்மியா, கால் ஸ்வரம் இறங்கி ஏறினா போதும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரா இருந்தா பிரிட்ஜோட (கிட்டார் உடம்புல தந்தி உக்கார்ற பாகம்) பின்பக்கம் சுமார் 3 மில்லிமீட்டர் தூக்கி இருக்கணும். ஜாஸ்மாஸ்டர் கிட்டார்ல 9 சைஸ் மெல்லிசு தந்தி போட்டா சேடிலை (பிரிட்ஜ்ல தந்தி பதியுற பள்ளம்) விட்டுத் துள்ளும், ஏன்னா பிரிட்ஜ் மேல தந்தி அழுந்துற கோணம் குறைவு. 11 போடுங்க. நட் (கழுத்து நுனியில தந்தியைத் தாங்குற துண்டு) பள்ளத்துல பென்சில் கரியைத் தேச்சு விடுங்க, இல்லேன்னா சுருதி திரும்பி வராது.

எல்லாரும் சறுக்குறது கெயின்ல, அதாவது சத்தத்தைக் கரகரப்பாக்குற அளவுல. ஃபஸ் பெடலை (சத்தத்தைக் கரகரப்பாக்குறது) முழுசா திருப்பிட்டு முழு கார்டு அடிச்சா வெறும் கூழ்தான். கெயினைப் பாதியாக்கி, அதே பகுதியைத் தனித்தனியா ரெண்டு தடவை வாசிச்சு இடம் வலம்னு பிரிங்க. ஒரே டேக்கை (ஒரு தடவை வாசிச்ச பதிவை) காப்பி அடிச்சு கொஞ்சம் தள்ளி வெக்காதீங்க. இடம் வலம் ஒண்ணா சேர்ற மோனோவுல ரெண்டும் மோதி சில அலைவரிசை காணாமப்போகும்.

நாலுகட்டை:
ரிவர்பை (எதிரொலி எஃபெக்ட்) ஃபஸ்ஸுக்கு முன்னாடி வெச்சா சுவர் மாதிரி ஒரே சத்தம், பின்னாடி வெச்சா தெளிவு. ரெண்டையும் வெச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

செவிட்டுப்பாம்பு:
எனக்கு முழு சம்மதம் இல்ல. நடுவுல நாலஞ்சு பாட்டு ஒரே அடர்த்தியில வர்றதால காது சலிக்குது. குரலும் கிட்டாரும் 2–4 கிலோஹெர்ட்ஸ்ல முட்டிக்குது, மெய்யெழுத்து கேட்குற இடமே அதுதான். அதான் வரிகள் பிடிபடல. இவங்க அதைத் தெரிஞ்சேதான் விட்டிருக்காங்க. கடைசிப் பாட்டு ‘ஃபோர்த் ஃபிகர்’ல டிரம்ஸே கிடையாது, குரல் தனியா நிக்குது பாருங்க. உங்க ரெக்கார்டிங்ல அப்படி விடாதீங்க: கிட்டார்ல அந்த 2–4 கிலோஹெர்ட்ஸ் இடத்துல 2–3 டெசிபல் குறைச்சு, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க.

மொட்டைமாடி_ரேடியோ:
ப்ளூடூத் ஸ்பீக்கர்ல கேட்டேன், பேஸ் பூஸ்ட் வேற ஆன்ல இருந்துச்சு.

செவிட்டுப்பாம்பு:
குரல் அமுங்க அது போதுமே! பூஸ்டை அணைச்சுட்டு, வயர் ஹெட்போன்ல ‘வெரி ஆன்லைன் கை’ கேளுங்க. குரலை எஃபெக்ட்ல எப்படி முறுக்கியிருக்காங்கன்னு அப்பதான் தெரியும்.