மீதி வீடு எங்கே? மகாலுக்குப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மகால்தெருப் பேத்தி:

போன சனிக்கிழமை அக்கா மகனை நம் மதுரைத் திருமலை நாயக்கர் மகாலுக்கு அழைத்துப் போனேன். ஒன்பது வயதுப் பையன். எல்லாப் பிள்ளைகளையும் போல அண்ணாந்து பார்த்தான், தூணைக் கட்டிப் பிடித்துப் பார்த்துக் கை எட்டாமல் சிரித்தான். சொர்க்கவிலாசம், நாடகசாலை, சிலைகள் எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டன. வெளியே வந்து கரும்புச்சாறு குடிக்கும்போது கேட்டான்: "சித்தி, ராஜா எங்கே தூங்குவார்? எங்கே சாப்பிடுவார்? மீதி வீடு எங்கே?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் பிறந்ததே மகால் தெருக்களில் ஒன்றில்தான். பந்தடி, நவபத்கானா என்ற பெயர்களைப் பள்ளி விண்ணப்பத்தில் முகவரியாக எழுதி வளர்ந்தவள். அவை அரண்மனையின் பகுதிகளாக இருந்திருக்கும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

கையைப் பிடித்து விளக்குத்தூண் பக்கம் கூட்டிப் போனேன். பத்துத் தூண் சந்து உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஜவுளிக்கடை, நடுவே மூட்டை சுமப்பவர்கள், வழி கேட்டு மணி அடிக்கும் சைக்கிள். ஒரு கடைக்காரர் இவன் அண்ணாந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, தூணில் சாய்த்து வைத்திருந்த துணிப் பொதியைத் தள்ளி வைத்து, "வா தம்பி, தொட்டுப் பார்" என்றார். பையன் கன்னத்தை வைத்து அழுத்தினான். வெயில் கொளுத்துகிறது, தூண் குளிர்ந்து கிடக்கிறது. அரண்மனையின் இன்னொரு பகுதியான ரங்கவிலாசம் இங்கேதான் இருந்தது என்று சொன்னேன். சந்து முழுவதையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான். "அப்படியென்றால் நாம் இப்போது வீட்டுக்குள்ளேயா நிற்கிறோம்?"

ஒரு வாரம் ஆகிவிட்டது. அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

கோட்டைச்சுவர்:

எனக்கு விளக்குத்தூண். தினமும் அதன் கீழேதான் பஸ் இறங்குவேன். வெளியூர் நண்பர் ஒருவர் இது யார் நினைவாக என்று கேட்ட பிறகுதான் விசாரித்தேன். 1840-களை ஒட்டி நம் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க வைத்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவு அது. இடிக்க வந்தவர்களுக்கே அந்த இடத்தில் மனை கொடுத்து இடித்திருக்கிறார்கள். வெளி வீதிகளும் மாரட் வீதியும் அப்படித்தான் வந்தன. கோட்டைக்கு நேர்ந்த கதிதான் அரண்மனைக்கும். எல்லாம் வெள்ளைக்காரர்கள் செய்த வேலை.

திருச்சி மருமகள்:

கோட்டைச்சுவர் தம்பி, கோட்டையைப் பற்றிச் சொன்னது சரி. அரண்மனையை அதோடு சேர்க்காதீர்கள். அதைப் பிரித்தது வெள்ளைக்காரன் இல்லை, நாயக்கரின் சொந்தப் பேரன். திருமலை நாயக்கர் 1659-இல் போன பிறகு, 1660-களில் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றினார். அப்போதுதான் மகாலின் பகுதிகளைப் பிரித்து வண்டியேற்றிக் கொண்டுபோனார்கள். இதைப் பள்ளியில் படித்தபோது எனக்கு வலிக்கவில்லை. நான் மதுரையில் பிறந்து திருச்சியில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான புதிதில் வீட்டு ஏக்கம் தாங்காத ஒரு பகலில், மலைக்கோட்டை அடிவாரத்தில் இருக்கும் மங்கம்மாள் கொலு மண்டபத்துக்குப் போனேன். இப்போது அது அருங்காட்சியகம். மற்றவர்கள் சிலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வளைவுகளையும் தூண் தலைகளையும் பார்த்தபடி நடந்தேன். எங்கள் ஊரிலிருந்து வந்த கல் ஒன்றாவது இங்கே இருக்காதா என்ற தவிப்பு. ஒவ்வொரு தூணாகத் தொட்டேன். பிறந்த வீட்டிலிருந்து சீர் வந்த பாத்திரத்தில் பெயர் வெட்டியிருக்கும், கண்டுபிடித்துவிடலாம். கல்லில் யார் பெயர் வெட்டுவார்கள்? அங்கேயே ஒரு ஓரமாக உட்கார்ந்து அழுதுவிட்டேன். காவலுக்கு இருந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

குமாஸ்தா மகன்:

மருமகள் சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சிதைந்து கிடந்த மகாலைப் பழுதுபார்க்க வைத்தவரும் ஒரு வெள்ளைக்காரர்தான். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர். பிறகு அங்கே நீதிமன்றம் நடந்தது, 1970 வரைக்கும். அரண்மனையில் கோர்ட் வைத்துக் கெடுத்தார்கள் என்று பலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஆள் புழங்காத வீடு எத்தனை நாள் நிற்கும்? கோர்ட் இருந்ததால்தான் கூரை ஒழுகினால் யாராவது ஏறிப் பார்த்தார்கள்.

என் அப்பா அங்கே குமாஸ்தா. பள்ளி விடுமுறையில் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. டவாலி ஒருவர் வெள்ளை உடுப்பில், குறுக்கே பட்டை போட்டுக்கொண்டு நிற்பார். கட்சிக்காரர் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். அது மேலே போய்க் கூரைக் கவிகையில் மோதித் திரும்பி வரும்போது ஆறு முறை கேட்கும். ஒருநாள் ஒரு கிராமத்துப் பாட்டி. நிலத் தகராறு போலிருக்கிறது. தன் பெயர் மேலேயிருந்து விழுவதைக் கேட்டதும் இடுப்புச் சேலையைச் சரிசெய்துகொண்டு, நீதிபதி பக்கம் திரும்பாமல், கூரையைப் பார்த்துக் கும்பிட்டு, "வந்துவிட்டேன் சாமி" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அப்பா எழுதுவதை நிறுத்திவிட்டார். இன்றைக்கும் சொர்க்கவிலாசத்துக்குள் போனால் முதலில் நான் கேட்பது அந்தக் குரலைத்தான்.

சுண்ணாம்புக்கை:

நான் கொத்தனார். வயது எழுபதை நெருங்குகிறது. இளவயதில் மகாலில் பூச்சுவேலைக்குச் சிற்றாளாகப் போனேன். எழுதப் பழக்கமில்லை, பேத்தி தட்டச்சு செய்கிறாள்.

அந்தப் பூச்சு சிமெண்டுக்காரர்களுக்குப் புரியாது. சுண்ணாம்பை நீற்றி, நாள்கணக்கில் ஊற வைத்து, வெண்ணெய் பதத்துக்கு அரைக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்க்க வேண்டும். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. அது ஈரம் காயும் முன்னே வழவழப்பான கூழாங்கல்லை வைத்துத் தேய்க்க வேண்டும். தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் பூச்சில் திட்டு விழும். எங்கள் மேஸ்திரி சுவரில் காதை வைத்துத் தேய்ப்புச் சத்தத்தைக் கேட்பார். கரகரவென்றால் இன்னும் ஆகவில்லை, சத்தம் அடங்கினால் முடிந்தது. எனக்கு ஓர் ஆள் உயரத்துக்குச் சின்னப் பரப்பு ஒன்றைக் கொடுத்தார். மூன்றாம் நாள் மாலை சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் என் சட்டையின் நிறம் அதில் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றும் வரவில்லை.

பல வருடம் கழித்து மனைவியை அழைத்துப் போய்க் காட்டப் போனேன். அதே இடத்தில் சாவியாலோ ஆணியாலோ ஒரு பையன் பெயரும் ஒரு பெண் பெயரும் ஆழமாகக் கீறியிருந்தது. மனைவி என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துவிட்டு, "இது நீங்கள் தேய்த்ததுதானே, மற்ற இடமெல்லாம் இன்னும் வழவழப்பாக இருக்கிறது" என்றாள். எதற்கு எழுதுகிறேன் என்றால், மகால்தெருப் பேத்தி அம்மா, உங்கள் அக்கா மகன் கன்னம் வைத்தான் பாருங்கள், அது போதும் தூணுக்கு.

வில்லிபுத்தூரான்:

எல்லாரும் மாசி வீதிகளுக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். நாயக்கர் மகால் என்று எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒன்று இருக்கிறது. மதுரை சாலையில் வரிசையாக மணி மண்டபங்களும் இருந்தன. ஆண்டாளுக்கு உச்சிக்கால பூசை முடிந்ததும் மணி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி மதுரை வரை கேட்கும், அதைக் கேட்டுத்தான் நாயக்கர் சாப்பிட உட்காருவார் என்பது எங்கள் வீட்டில் சோறூட்டும்போது சொல்லும் கதை. பஸ் பழுதாகி நடுவழியில் இறக்கிவிட்ட ஒரு மத்தியானம், நிழல் தேடி நான் ஒதுங்கியது அப்படி ஒரு மண்டபம். ஆடுகள் படுத்திருந்தன. ஒன்றின் கழுத்தில் சின்ன மணி. அது தலையாட்டியபோது எழுந்த சத்தத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.

தெப்பக்குளத்துக்காரர்:

என் அனுபவம் சிறியது. தைப்பூசத் தெப்பம் பார்க்க வந்த கூட்டத்தில் ஒரு பெரியவர், குளத்தைக் காட்டித் தன் பேரனிடம், "இந்தப் பள்ளம்தான் அந்த மகால்" என்றார். இங்கே தோண்டிய மண்ணில் செங்கல் அறுத்துத்தான் மகால் எழுந்தது என்று ஊரில் சொல்வார்கள். முப்பது வருடமாகக் கரையில் நடக்கிறேன், இப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இனிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் மகாலில் தொடங்கி மகாலிலேயே முடித்துவிடாதீர்கள். காலையில் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். முற்றத்தில் வெயில் ஏறுவதற்கு முன் நடுவில் நின்று ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள், புறாச் சிறகடிப்பு கேட்கும். கண்ணில் பட்ட தூணைப் படம் எடுப்பதை விடச் சுண்ணாம்பு ஐயா சொன்ன பூச்சைக் கிட்டே போய்ப் பாருங்கள். பிறகு நடந்தே பத்துத் தூண். தயவுசெய்து தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அந்தச் சந்துக்குள் போகாதீர்கள், தூண் தெரியாது, பிள்ளை தொலைந்துவிடும். அது யானை கட்டிய தூண் என்று யாராவது சொன்னால் ரங்கவிலாசம் என்று எடுத்துச் சொல்லுங்கள். அங்கிருந்து நவபத்கானா தெரு. முரசு முழங்கிய இடம். இன்றைக்கு வண்டி ஹாரன்தான், ஆனாலும் பெயரைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். விளக்குத்தூண் தாண்டிக் கீழமாசி வீதி வழியாக வந்தால் விட்டவாசல். பழைய கோட்டையில் இடிக்காமல் விட்ட வாசல் என்பதால் அந்தப் பெயர். அடுத்து புதுமண்டபம். தையற்காரர்களும் பாத்திரக்கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன பிறகுதான் தூண்களில் நிற்கும் நாயக்க மன்னர்களை முழுதாகப் பார்க்க முடிகிறது. திருமலை நாயக்கர் அங்கே கும்பிட்டபடி நிற்கிறார். எதிரே முடியாமல் நின்றுபோன ராயகோபுரம். கோயிலுக்குள் முக்குறுணிப் பிள்ளையாரை மறந்துவிடாதீர்கள், அவரும் எங்கள் தெப்பக்குளத்து மண்ணிலிருந்து வந்தவர் என்பதுதான் வழிவழியாக வரும் பேச்சு. சதுர்த்தியன்று முக்குறுணி, அதாவது பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை. சாயங்காலம் கடைசியாகத் தெப்பக்குளம் வாருங்கள். தண்ணீர் இருந்தால் மைய மண்டபம் இரண்டாகத் தெரியும். பிள்ளைகளுக்குத் தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோட்டைச்சுவர்:

மருமகள் அக்கா, நான் சொன்னது தவறுதான். திருத்திக்கொள்கிறேன்.

பந்தடி ஏழாவது வீடு:

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பத்து வருடத்துக்கு முன் வீட்டின் பின்கட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி வெட்டினோம். இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை "டங்" என்று நின்றது. ஆள் மண்ணை ஒதுக்கினார். தட்டையான செங்கற்கள், சுண்ணாம்புக் காரை போட்டு நெருக்கமாக அடுக்கிய ஒரு சுவர். குழியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் அடுத்த வீட்டுக்கு அடியில் நுழைகிறது. எந்தக் காலத்துச் சுவர் என்று சொல்ல நான் படித்தவன் இல்லை. எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் ராணிகள் பந்தாடினார்கள் என்று அம்மா சொல்வார். அவர் திண்ணையிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. வேலையாட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். வெளியே தெரிந்தால் வீட்டை என்ன செய்வார்களோ என்று பயந்துவிட்டேன். குழியைத் தள்ளி வெட்டச் சொல்லி, அந்த இடத்தை அன்று இரவே மூடச் சொன்னேன்.

ஒரு கல் மட்டும் உடைந்து வெளியே கிடந்தது. அம்மா அதைக் கழுவித் துளசி மாடத்தின் அடியில் வைத்தார். ஒரு ஓரத்தில், ஈரமாக இருந்தபோது யாரோ தூக்கியதில் பதிந்த இரண்டு விரல் குழிகள் இருக்கின்றன. அம்மா இருந்தவரை கோலம் போட்ட பிறகு அந்தக் குழிகளிலும் ஒரு துளி தண்ணீர் விடுவார். இப்போது என் மகள் விடுகிறாள். சுண்ணாம்பு ஐயா, நீங்கள் ஒருநாள் வீட்டுக்கு வந்து அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்ப்பீர்களா?