ராக் பாட்டு எழுதிக் குவிச்சது யாரு? உங்க காதுல தங்கிப்போன ஒரு இடத்தைச் சொல்லுங்க

பாளை கித்தார்:

நான் 'கைடட் பை வாய்சஸ்' குழுவோட பாட்டுக்காரர் ராபர்ட் பொலார்ட் பேரைத்தான் சொல்லுவேன். காரணம் ஒரே ஒரு இடம். 'பீ தவுசண்ட்' தட்டு, 1994. முதல் பாட்டு 'ஹார்ட்கோர் யூஎஃப்ஓஸ்'. பாட்டு போயிட்டே இருக்கும்போது கித்தார் பொசுக்குன்னு காணாமப் போகும், ஒயரு கழண்ட மாதிரி. குரல் நிக்காது. கொஞ்சத்துல கித்தார் திரும்ப வந்து சேந்துக்கும். அந்த ஓட்டையை யாரும் அடைக்கல, அப்படியே தட்டு போட்டாங்க. வேற குழுவா இருந்தா அந்த ஒரு இடத்துக்காகத் திரும்ப உக்காந்து பதிஞ்சிருப்பாங்க. இவரு அதே நேரத்துல அடுத்த பாட்டுக்குப் போயிருவாரு. எண்ணிக்கை அங்கதான் ஏறுது.

கைடட் பை வாய்சஸ் கேட்டவங்களுக்கு நான் விளக்க வேண்டாம். 'பீ தவுசண்ட்' 20 பாட்டு, 36 நிமிஷம் போல. அடுத்த வருஷம் 'ஏலியன் லேன்ஸ்' 28 பாட்டு, 41 நிமிஷம். வகுத்துப் பாருங்க, ஒரு பாட்டுக்கு ஒண்ணரை நிமிஷம் வராது. நிறையப் பாட்டுல ரெண்டாவது சரணமே கிடையாது, பல்லவி வந்துச்சுன்னா முடிஞ்சது. ஒஹையோ மாநிலத்துல டேட்டன் ஊர்ல பள்ளிக்கூட வாத்தியாரா இருந்து எழுத ஆரம்பிச்ச ஆளு. 2000-ல வந்த 'சூட்கேஸ்' பெட்டியில 100 பாட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கற்பனைக் குழுப் பேரு. தட்டுல சேராம ஒதுங்கிக் கெடந்ததே அவ்வளவு.

டவுண் ரதவீதி:

அண்ணாச்சி, ஒண்ணரை நிமிஷத்துல முடியுறதையும் ஒரு பாட்டுன்னு எண்ணுதிய. அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் பக்கம் வாங்க. 1996, 'எமான்சிபேஷன்'. மூணு தட்டு, தட்டுக்கு 12 பாட்டு. சிடி பிளேயர்ல போட்டதும் மொத்த நேரம் காட்டும் பாருங்க, மூணு தட்டுக்கும் ஒரு மணி நேரம். அளந்து வெட்டின துணி மாதிரி. 36 பாட்டு ஒரே வெளியீட்டுல, சரணம் அனுபல்லவி எல்லாம் முழுசா.

இதுல அவரு பேர்ல வந்தது மட்டுந்தான் தெரியும். பேங்கிள்ஸ் குழு பாடின 'மேனிக் மண்டே' தட்டோட நடு லேபிளைப் பாத்தா எழுதினவர் இடத்துல 'கிறிஸ்டோஃபர்'னு இருக்கும். அது அவருதான். அலெக்சாண்டர் நெவர்மைண்ட், ஜேமி ஸ்டார், ஜோயி கோக்கோ, இதெல்லாமும் அவரே. 2016 ஏப்ரல்ல உயில் எழுதாமப் போய்ச் சேந்தாரு. அவரோட பெய்ஸ்லி பார்க் வீட்டு ஸ்டுடியோவுல பதிவுகளைப் பூட்டி வச்சிருந்த பெட்டகத்தோட ரகசிய எண் யாருக்கும் தெரியாமப் பூட்டைத் துளை போட்டுத் திறந்தாங்கன்னு செய்தி வந்துச்சு. உள்ள இருக்கதை எண்ணாம பொலார்டுக்குப் பட்டம் கட்ட முடியாது.

அம்பாசமுத்திரம்:

36 இல்ல வே, 32. அந்த மூணு தட்டுல நாலு பாட்டு மத்தவங்க எழுதினது. 'பெட்சா பை கோலி வாவ்' யாரோடதுன்னு பின்னட்டையைத் திருப்பிப் பாரும்.

இந்தத் தப்பை எல்லாரும் பண்ணுதாங்க. எனக்குத் தீராத இடம் ஜான் ஃபொகர்ட்டி. அவரோட கிரீடன்ஸ் குழு 1969-ல மட்டும் மூணு எல்பி போட்டுச்சு. 'பேயூ கன்ட்ரி' 7 பாட்டு, 'கிரீன் ரிவர்' 9, 'வில்லி அண்ட் த புவர் பாய்ஸ்' 10. மொத்தம் 26. ஒரே மனுஷன் ஒரே வருஷத்துல 26-ன்னு எழுதிருவாங்க. பிரிச்சுப் பாத்தா முதல் எல்பியில ஒண்ணு, ரெண்டாவதுல ஒண்ணு, மூணாவதுல ரெண்டு அவரு எழுதினது இல்ல. ஆக 22. அதுலயும் 'புவர்பாய் ஷஃபிள்', 'சைட் ஓ த ரோட்' ரெண்டும் வாய்ப்பாட்டு இல்லாத வெறும் வாத்தியம். சொல்லு வேணும்னு பிடிவாதம் பிடிச்சா 20. ஒரு வருஷத்துக்கு 26, 22, 20ன்னு மூணு கணக்கு, மூணும் ஒரே தட்டுகள்ல இருந்து. அந்த 20-ல 'ப்ரவுட் மேரி', 'பேட் மூன் ரைசிங்', 'ஃபார்ச்சூனேட் சன்' மூணும் உண்டுங்கதையும் சேத்துக்கிடுங்க.

இனி கோர்ட்டு விஷயம். 1984 கடைசியில 'த ஓல்டு மேன் டவுன் த ரோடு' வந்த பிறகு, 'ரன் த்ரூ த ஜங்கிள்' உரிமை வச்சிருந்த ஃபேண்டசி கம்பெனி, இது நம்ம பாட்டோட நகல்னு வழக்குப் போட்டுச்சு. ரெண்டையும் எழுதினது அவரே. 1988-ல சாட்சிக் கூண்டுக்குக் கித்தாரைக் கொண்டுபோயி, ரெண்டையும் வாசிச்சுக் காட்டி, நான் எழுதுற தினுசே இதுதான், பாட்டு வேற வேறன்னு நடுவர்களுக்குப் புரிய வச்சாரு. ஜெயிச்சாரு. வக்கீல் செலவு விவகாரம் 1994-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. நெறைய எழுதுற ஆளுக்கு ஒரே சுரம் ஒரே தாளக்கட்டு திரும்பத் திரும்ப வராம இருக்காது. எந்த இடத்துல அது புதுப் பாட்டு ஆகுதுங்கதுதான் கேள்வி. பொலார்டை எண்ணினாலும் பிரின்ஸை எண்ணினாலும் இதைத் தாண்டித்தான் போகணும்.

மேலப்பாளையம்:

நீங்க எல்லாரும் அமெரிக்காவைச் சுத்துதிய. ஆயிரம் படத்துக்கு மேல இசையமைச்ச இளையராஜா பக்கத்துலயே இருக்காரு. படத்துக்கு நாலு அஞ்சுன்னு வச்சாலே இவங்க யாரும் கிட்ட வர மாட்டாங்க.

பாளை கித்தார்:

தம்பி, மெட்டு அவரோடது, சொல்லு பெரும்பாலும் வாலி, வைரமுத்து, கங்கை அமரன்னு மத்தவங்களோடது. ராக்குல 'பாட்டு எழுதினவர்'னா சொல்லும் மெட்டும் ஒரே பேர்ல நிக்கும். ஒரே தராசுல வைக்க முடியாது. இங்கிலாந்துப் பாடகர் எல்டன் ஜான் மட்டும் நம்ம ஊர் முறைக்குப் பக்கத்துல வருவாரு, ஆனா தலைகீழ்: பெர்னி டாபின் முதல்ல வரியை எழுதிக் கொடுத்திருவாரு, அதுக்குப் பிறகுதான் எல்டன் மெட்டுப் போடுவாரு. நம்மகிட்ட மெட்டுக்குத்தான் பாட்டு.

வண்ணார்பேட்டை நோட்டு:

எண்ணத் தெரியாம எண்ணுததுதான் இங்க நடக்குது. யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லுதேன். ஒரு நீள நோட்டு எடுத்து, அஞ்சு கட்டம் போடுங்க: தனியா எழுதி வெளிவந்தது, சேந்து எழுதி வெளிவந்தது, மத்தவங்களுக்குக் கொடுத்தது, பதிஞ்சு வெளிவராதது, சொல்லு மட்டும் அல்லது மெட்டு மட்டும். ஒரு பாட்டு ஒரு கட்டத்துலதான் நிக்கணும். பென்சில்ல எழுதுங்க, இடம் மாறும்.

முதல்ல தட்டை வச்சு எண்ணாதீங்க. கச்சேரிப் பதிவு, ரீமிக்ஸ், பெட்டித் தொகுப்புன்னு ஒரே பாட்டு ஆறு தடவை வரும். அடுத்து, எண்ணு. ஐஎஸ்ஆர்சின்னு ஒண்ணு இருக்கு, அது பதிவோட எண், 12 எழுத்து. ஐஎஸ்டபிள்யூசி வேற, அது பாட்டோட எண், 'டி'யில ஆரம்பிக்கும். ஒரே பாட்டைப் பத்துப் பேர் பாடினா பத்து ஐஎஸ்ஆர்சி இருக்கும், ஐஎஸ்டபிள்யூசி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும். முதல் எண்ணை வச்சு எண்ணினா கணக்கு ஊதிப் பெருத்துரும்.

அமெரிக்காவுல பாட்டு எழுதினவங்களுக்கு உரிமைத்தொகை வசூலிச்சுக் கொடுக்குத சங்கங்கள் அஸ்காப், பிஎம்ஐ ரெண்டும் சேந்து ஆரம்பிச்ச சாங்வியூ தளத்துல எழுதினவர் பேரைப் போட்டுத் தேடலாம். அங்க மூணு குழி இருக்கு. ஒண்ணு, பழைய நாட்டுப் பாட்டை எடுத்து 'ஏற்பாடு இவர்'னு பதிஞ்சதும் அதே பட்டியல்லயே கெடக்கும். அம்பாசமுத்திரம் கழிச்ச பாட்டுகள்ல 'மிட்நைட் ஸ்பெஷல்' இந்த ரகம். ரெண்டு, ஒரே பாட்டு ரெண்டு தலைப்புல ரெண்டு வரியா நிக்கும். பக்கத்துல இருக்க எண்ணைப் பாத்துத்தான் ஒண்ணாக்கணும். மூணு, எல்லாரோடதும் அங்க முழுசா இருக்கும்னு சொல்ல முடியாது. பாப் டிலன் 1995-லயே செசாக்னு இன்னொரு வசூல் சங்கத்துப் பக்கம் போயிட்டாரு. அங்க தேடிட்டு டிலன் கம்மியா எழுதிருக்காருன்னு சொல்லுதவங்களைப் பாத்திருக்கேன். 2020 டிசம்பர்ல அவரு பதிப்புரிமையை யுனிவர்சலுக்கு வித்தப்போ சொன்ன கணக்கு 600 பாட்டுக்கு மேல.

அடுத்தது கூட்டுப் பேர். பீட்டில்ஸ் குழுவோட லெனன்–மக்கார்ட்னி சின்ன வயசுலயே பேசி வச்சுக்கிட்டாங்க, யாரு எழுதினாலும் ரெண்டு பேரும். 'யெஸ்டர்டே' மக்கார்ட்னி தனியா எழுதினது, அதுலயும் லெனன் பேர் இருக்கு. கூட்டுப் பாட்டு ஏறக்குறைய 180. அதை மக்கார்ட்னிக்கு 180, லெனனுக்கு 180ன்னு போட்டா 360 ஆயிரும், ஒலகத்துல இல்லாத பாட்டு 180. ஆளுக்குப் பாதின்னு போடுங்க, இல்லைன்னா ரெண்டாவது கட்டத்துல ஒரே பேரா எழுதுங்க.

வாத்தியம் மட்டும் உள்ளதைச் சேக்கணுமான்னு முதல்லயே முடிவு பண்ணிக்கிடுங்க. சேத்தா போட்டி அங்கேயே முடிஞ்சது. பக்கெட்ஹெட்னு ஒரு கித்தார்க்காரர் 2015-ல மட்டும் 118 தட்டு வெளியிட்டாரு, தட்டுக்கு அரை மணி நேரம் போல. மூணு நாளைக்கு ஒண்ணு. அந்த அக்டோபர்ல தெனம் ஒண்ணு, 31 நாள், 31 தட்டு. பெரும்பாலும் பாடவே மாட்டாரு.

அமெரிக்க ராக் இசைக்காரர் ஃபிராங்க் ஜாப்பாவுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்க. உயிரோட இருக்கும்போதே 62 தட்டு. ஒரு கச்சேரியில வாசிச்ச கித்தார் துண்டை வெட்டி, சம்பந்தமே இல்லாத வேற பதிவு மேல ஒட்டிப் புதுசு ஆக்குவாரு. அதை ஒண்ணுன்னு எண்ணணுமா ரெண்டுன்னு எண்ணணுமான்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி எண்ணுங்க.

அஞ்சாவது கட்டம் எதுக்குன்னா, டிலன் 1967-ல எழுதி மெட்டு இல்லாமக் கெடந்த வரிகளுக்கு 2014-ல மத்தவங்க மெட்டுப் போட்டு ஒரு தட்டாவே வந்துச்சு. அது யாரு கணக்கு?

சங்கரன்கோவில்:

மெட்டு பழசு, சொல்லு புதுசுன்னா எந்தக் கட்டம்? கேக்கக் காரணம் இருக்கு. நம்ம கோயில்ல ஆனாலும் சர்ச்சுல ஆனாலும் பாட்டுப் புஸ்தகத்தைத் திறந்தா பாட்டுக்கு மேல சின்ன எழுத்துல ராகம், தாளம், இல்லைன்னா இன்ன பாட்டு மெட்டுன்னு போட்டிருக்கும். யாரும் அதைக் கணக்குல கழிக்கிறது இல்ல. டிலனோட 'சாங் டு வுடி' மெட்டு, அவருக்கு முந்தின நாட்டுப் பாட்டுக்காரர் வுடி கத்ரியோடது. 'புளோயிங் இன் த விண்ட்' மெட்டு பழைய அடிமைக் காலப் பாட்டுல இருந்து வந்ததுன்னு அவரே சொல்லியிருக்காரு. நோட்டுக்காரரு அந்த 'ஏற்பாடு' ரகத்தைக் கழிச்ச கையோட இதையும் கழிப்பாரா?

சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் முப்பதைத் தொடாமலே போனவரு. காவடிச் சிந்து ஒரு சின்னப் புஸ்தகம். கழுகுமலைக்குக் காவடி போகும்போது இன்னைக்கும் அந்தச் சந்தம் காதுல விழும். அவரை எந்தக் கட்டத்துல எழுதினாலும் எண்ணிக்கை வராது. இதை இங்க சொல்லாமப் போக மனசு வரல.

வண்ணார்பேட்டை நோட்டு:

சொல்லு புதுசா இருந்தா பாட்டு புதுசு. முதல் கட்டத்துலயே எழுதி, ஓரத்துல பழைய மெட்டுங்கதுக்கு 'ப.மெ.'ன்னு குறிச்சுக்கிடுங்க. 'மிட்நைட் ஸ்பெஷல்'ல சொல்லும் பழசு, மெட்டும் பழசு. அதனாலதான் அது வெளிய போகுது.

கல்லிடை டேப்:

பாளை அண்ணாச்சி சொன்ன ஓட்டைக்கு வாரேன். பொலார்ட் கூட்டம் அப்போ பதிஞ்சது நாலு டிராக் கேசட்டு மெஷின்ல. அது வேலை செய்த விதம் தெரிஞ்சா ஏன் திருத்தலைன்னும் புரியும். மொத்தம் நாலு தடம். டிரம்ஸ் ஒண்ணுல, பேஸ் ரெண்டுல, கித்தார் மூணுல. இந்த மூணையும் கலந்து நாலாவது தடத்துல இறக்கிட்டா, முதல் மூணையும் அழிச்சுக் குரலுக்கும் ரெண்டாவது கித்தாருக்கும் எடுத்துக்கலாம். இதுக்குப் பேரு பவுன்ஸ். இறக்கின பிறகு டிரம்ஸ் சத்தம் கம்மின்னு தோணினாலும் ஒண்ணும் பண்ண முடியாது, மூலம் அழிஞ்சு போச்சு. ஒவ்வொரு பவுன்ஸுக்கும் மேல் ஸ்தாயி மங்கும், இரைச்சல் ஏறும். அதனால பேஸ், டிரம்ஸை முதல்ல இறக்கணும், குரலைக் கடைசி வரைக்கும் இறக்கக் கூடாது. டிரம்ஸோட சிம்பல் தட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கலாவே வச்சு இறக்குங்க, எப்படியும் மங்கத்தான் போகுது.

டேப்பு வாங்கினா குரோம் ரகம் 60 நிமிஷம் அல்லது 90 நிமிஷம். 120 நிமிஷ டேப்பு மெல்லிசு, இழுபடும், சுருதி ஆடும். ரெட்டை வேகத்துல ஓடுத மெஷின்ல 60 நிமிஷ டேப்புக்கு மொத்தமே 15 நிமிஷந்தான் கிடைக்கும், திருப்பிப் போட முடியாது. பதியும் முன்னால, டேப்பு உரசிப் போகுத ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல பஞ்சுக் குச்சி நனைச்சுத் துடைங்க. ரப்பர் உருளைக்கு அதைக் கொண்டுபோகாதீங்க, நாளாவட்டத்துல வெடிப்பு விடும்.

மேலப்பாளையம்:

அண்ணாச்சி, இப்படிப் பதிஞ்ச பழைய டேப்பை சாதா பிளேயர்ல போட்டா ஒரு பக்கம் பாதிப் பாட்டு கேக்குது. மறுபக்கம் எல்லாம் தலைகீழாக் கேக்குது. ரெண்டு பக்கமும் இழுத்து இழுத்துத்தான் வருது. டேப்பு கெட்டுப்போச்சா?

கல்லிடை டேப்:

கெடல தம்பி. சாதா பிளேயர் ஒரு பக்கத்துக்கு ரெண்டு தடந்தான் படிக்கும். நாலு டிராக் மெஷின் நாலையும் ஒரே திசையில எழுதிரும். அதனால முதல் பக்கத்துல ஒண்ணும் ரெண்டும் நேரா வருது, திருப்பினா மூணும் நாலும் பின்னாலேருந்து வருது. இழுவையாக் கேக்குதுன்னா ரெட்டை வேக மெஷின்ல பதிஞ்சது.

ரெண்டு பக்கத்தையும் கம்ப்யூட்டர்ல ஸ்டீரியோவா ஏத்துங்க. ஆடாசிட்டின்னு ஒலி வெட்டி ஒட்டுத இலவச மென்பொருள் போதும். ரெண்டாவது பக்கத்தைத் தலைகீழாக்குங்க, ரெண்டு பக்கத்தையும் வேகம் ரெட்டிப்பாக்குங்க. முழுப் பக்கத்தையும் ஒரே மூச்சுல ஒட்டப் பாக்காதீங்க. பிளேயர் மோட்டாரு ரெண்டு தடவையும் ஒரே சீரா ஓடாது, ரெண்டு பாட்டு தாண்டும்போதே விலகிரும். பாட்டுப் பாட்டா வெட்டிக்கிடுங்க. ஒரு பக்கத்துல டிரம்ஸும் மறுபக்கத்துல கித்தாரும் இருந்தா, கித்தார் தடத்துலயும் டிரம் அடி லேசாக் கசிஞ்சிருக்கும். அலைக்கோட்டைப் பெருசாக்கி, அந்தக் கசிவு முதல் அடியையும் டிரம் தடத்தோட முதல் அடியையும் நேர் பண்ணுங்க. ஒரு பாட்டுக்குள்ளயே விலகிச்சுன்னா நடுவுல இன்னொரு தடவை வெட்டி நேர் பண்ணணும்.