[கலைச்சொல்] காதுக்குள்ளிருந்து திரும்பி வரும் ஒலிக்கு என்ன சொல்?

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

அனைவருக்கும் வணக்கம். பிறந்த குழந்தைகளின் கேட்கும் திறனைச் சோதிப்பது பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘ஓட்டோ அகூஸ்டிக் எமிஷன்’ என்ற இடத்தில் நிற்கிறேன். குழந்தையின் காதில் சிறு முனையைப் பொருத்தி ‘டிக் டிக்’ என்று ஒலி கொடுப்பார்கள். உட்செவியில் ஒலியைப் பெருக்கித் தரும் புற மயிர்ச்செல்கள் நலமாக இருந்தால் மிக மெல்லிய ஒலியொன்று திரும்பி வரும். அதே முனையிலுள்ள மைக் அதைப் பிடித்துவிடும். ‘செவி எதிரொலி’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

கேட்பியல் வல்லுநர், கோவை:

எதிரொலி வேண்டாம் தம்பி. லண்டனில் டேவிட் கெம்ப் என்ற ஆய்வாளர் பதிவுசெய்து 1978இல் வெளியிட்ட இந்த ஒலி சில மில்லிநொடிகள் தாமதமாக வந்தது. செவிப்பறையில் பட்டுத் திரும்பியதென்றால் அவ்வளவு நேரம் ஆகாது. காதுக்குள் ஒலியைப் பெருக்கும் ஏதோ ஒன்று இயங்க வேண்டும் என்று தாமஸ் கோல்ட் என்ற அறிவியலாளர் 1948இலேயே வாதிட்டார். அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு சுரம் கொடுத்தால், நாம் கொடுக்காத மூன்றாவது சுரத்தையும் காது தருகிறது. சிலருடைய காதில் எந்த ஒலியும் கொடுக்காமலே வருகிறது. கொடுக்காத ஒலிக்கு எதிரொலி எப்படி இருக்கும்?

புலவர், தஞ்சாவூர்:

அப்படியானால் ‘செவியுமிழொலி’. உமிழ்ந்த, உமிழ்கின்ற, உமிழும் என முக்காலமும் அடங்கிய வினைத்தொகை. தூண்டியும் தூண்டாமலும் வருவதற்குப் பொருந்தும். ‘ஒளி உமிழ் டையோடு’ பாடநூலில் ஏறிவிட்டதே. எச்சில் நினைவு வரும் என்பார்கள். உலகை உண்டு உமிழ்ந்தவன் என்று ஆழ்வார்கள் பெருமாளையே பாடியிருக்கும்போது அந்தச் சொல்லில் என்ன குறை? காது என்பதைவிடச் செவி நன்று. ‘கேள்வியால் தோட்கப் படாத செவி’ என்கிறது குறள். தோட்கப்படுதல் துளைக்கப்படுதல். காதில் அணியும் தோட்டுக்கும் இந்த வேருக்கும் உறவுண்டு என்பது என் துணிபு. தொளை, துளை, தோடு என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்:

ஐயாவின் சொல் இலக்கணப்படி சரி. ஆனால் தாய்மாருக்கு விளங்க வேணுமே. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். உடற்கூற்றுக்கு ‘அங்காதிபாதம்’, உடற்றொழிலுக்கு ‘சுகரணவாதம்’ என்று சொல் ஆக்கினார்கள். அந்த உழைப்பை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. ஆனால் அந்தச் சொற்கள் இன்று எவர் வாயிலும் இல்லை. அங்கே வடமொழி, இங்கே செந்தமிழ். கேட்கிறவருக்குச் சுமை ஒன்றுதான். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தூண்டல், துலங்கல் இரண்டும் தெரியும். ‘செவித்துலங்கல்’ என்றால் என்ன?

செவிலியர், விருதுநகர் மாவட்டம்:

வார்டில் தினம் சொல்லிப் புரியவைப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். காது உமிழ்கிறது என்றால் சீழ் வடிகிறது என்றுதான் எங்கள் ஊரில் எடுத்துக்கொள்வார்கள். வெறும் ‘செவியொலி’ என்றால் காது இரைச்சல் என்று நினைப்பார்கள். இந்தச் சொல்லைவிட, முடிவுத் தாளில் மேற்சோதனைக்கு அனுப்பச் சொல்லி வரும் ‘ரெஃபர்’ என்பதற்குத் தமிழ் சொல்லுங்கள், அதுதான் அவசரம். யாரோ ‘தேறவில்லை’ என்று எழுதிவைத்ததைப் படித்துவிட்டுப் பிள்ளை பெற்ற மறுநாள் ஒரு பெண் அழுத அழுகை இன்னும் கண்ணில் நிற்கிறது. முதல் ஓரிரு நாளில் காதுக்குள் ஈரமும், பிறக்கும்போது மேலே படிந்து வரும் வெள்ளை மாவும் அடைத்திருந்தாலே அந்த முடிவு வரும். ‘மறுபடி பார்க்க வேண்டும்’ என்று போடுங்கள். அதோடு, ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். பயந்தவர்கள் பயந்ததோடு நின்றுவிடுகிறார்கள், திரும்பி வருவதில்லை.

கேட்பியல் வல்லுநர், கோவை:

செவிலியரம்மா சொல்வதை அப்படியே ஏற்கிறேன். இன்னொன்றும் சேர்க்க வேண்டும். இந்தச் சோதனை நரம்பைப் பார்ப்பதில்லை. மயிர்ச்செல் நலமாக இருந்து நரம்பு பழுதான குழந்தை இதில் தேறிவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கு மூளைத்தண்டுச் சோதனையும் வேண்டும். அதில் நரம்பின் துலங்கலைத்தான் அளக்கிறோம். ஆகவே ‘துலங்கலை’ இங்கே செலவழித்துவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

நன்றி. ‘ரெஃபர்’ என்பதற்கு ‘மறுபடி பார்க்க வேண்டும்’ முடிவாகிவிட்டது. மற்றதில் எல்லோர் சொன்னதையும் வைத்து நான் எடுத்த முடிவு: தாய்மார் படிக்கும் பக்கங்களில் ‘காது திருப்பித் தரும் ஒலி’, மருத்துவருக்கான கடைசிப் பக்கத்தில் ‘செவியுமிழொலி’. நேரமில்லை, இப்படியே அனுப்புகிறேன்.

புலவர், தஞ்சாவூர்:

அனுப்புங்கள். ஆனால் என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன். மருத்துவருக்கு ஒரு சொல், தாய்க்கு ஒரு தொடர் என்று பிரித்தால், நாளை மருத்துவர் வாயில் அந்தச் சொல் வரும்போது தாய்க்கு அது அயல்மொழிபோலவே இருக்கும். தொடருக்குப் பக்கத்திலேயே சொல்லையும் ஒருமுறை வையுங்கள்.

கேட்பியல் வல்லுநர், கோவை:

‘திருப்பித் தரும்’ என்பதில் எதிரொலி மறுபடி நுழைந்துவிட்டது தம்பி. கொடுக்காமலே வருவதை அது சொல்லவில்லை. இந்தப் பதிப்புக்கு விடுகிறேன், அடுத்த பதிப்புக்கு விடமாட்டேன்.