கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து கோச் போப்பை அந்தக்காலக் கோச் ரப்போடு ஒப்பிடுகிறவர்களே, உங்களுக்கு நேரில் நடந்ததைச் சொல்லுங்கள்

நீலச்சட்டை96

எங்கள் கோச் காலிபரி இங்கிருந்து அர்கன்சா அணிக்குப் போனதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். 2024 ஏப்ரலில் அடுத்த கோச்சாக, இங்கேயே ஆடிய மார்க் போப்பின் பெயர் வந்த இரவு நானும் கத்தினேன். பெரிய கோச்கள் ஸ்காட் ட்ரூ வரவில்லை, டான் ஹர்லி வரவில்லை, கடைசியில் என்சிஏஏ டோர்னமென்ட்டில் (கல்லூரி அணிகளின் தேசிய சாம்பியன்ஷிப்) கோச்சாக ஒரு மேட்ச்கூட ஜெயிக்காத ஆளா என்று மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் திட்டித் தீர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சொந்த அரங்கான ரப் அரீனாவில் அவருக்கு அறிமுக விழா. சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அரங்கு நிரம்பி வழிந்தது. பக்கத்தில் எழுபதைத் தாண்டிய ஒருவர், மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் 1996-ல் கென்டக்கி சாம்பியன்ஷிப் ஜெயித்த மறுநாள் செய்தித்தாள். பஸ் ஆட்டக்களத்துக்குள்ளேயே வந்து நின்று, போப் அந்த 96 கோப்பையோடு இறங்கியதும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். இவர் எழவில்லை. தாளை உறையிலிருந்து மெதுவாக உருவி, அணியின் படத்தில் ஒரு முகத்தின்மேல் விரலை வைத்து என்னிடம் காட்டினார். "இவன்தான் அன்றைக்கு கேப்டன். வெள்ளிக்கிழமை இவனை என்னென்னவோ சொல்லிவிட்டேன்" என்றார். நானும்தான் ஐயா என்று சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டிவிட்டு போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். அந்த வீடியோவில் அவர் முழங்கை மட்டும் வருகிறது.

பாதித்தலை

எனக்கு நடந்தது முடிவெட்டும் கடையில். கென்டக்கி அணியின் ஊரான லெக்சிங்டனுக்கு வந்து இரண்டாம் மாதம். பேச்சுக்கு, "போப் தேறுவாரா?" என்று கேட்டுவிட்டேன். கத்தரி நின்றது. என் தலையில் இடது பக்கம் முடிந்திருந்தது, வலது பக்கம் காடு.

கடைக்காரர் நேராக ரப்புக்கு அடுத்து வந்த கோச் ஜோ பி. ஹாலின் கதைக்குப் போனார். 1972-ல் எழுபது வயதாகிவிட்டது என்று ரப்பை அனுப்பினார்கள். 42 வருஷம், 876 வெற்றி, நாலு சாம்பியன்ஷிப். அந்த நாற்காலியில் ஹால் உட்கார்ந்தார். அவரும் போப் மாதிரி இங்கேயே ஆடியவர்தான். நாலு வருஷம் கழித்துப் புது அரங்கு கட்டி அதற்கும் ரப் பெயரையே வைத்தார்கள். "நீ தினமும் வேலைக்குப் போகிற கட்டடத்தின் நெற்றியில் உனக்கு முன்னால் இருந்தவன் பெயர் இருந்தால் எப்படி இருக்கும்?" என்று கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கேட்டார். 1977 டிசம்பரில் ரப் இறந்தார், அடுத்த மார்ச்சில் ஹால் சாம்பியன்ஷிப் ஜெயித்தார். அந்த இடத்தில் அவருக்குக் குரல் கம்மிவிட்டது. எனக்கு மீட்டிங்குக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல எப்படி மனம் வரும்?

மேல்மாடி_சீட்

பாதித்தலை, கதை நன்றாக இருக்கிறது. ஆனால் 876 என்று எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்வது சரியில்லை. அத்தனை வருஷத்தில் ரப் அணியில் முதல் கறுப்பின வீரராக டாம் பெய்ன் இறங்கியது 1970-71 சீசனில்தான். 1966 இறுதிப் போட்டியில் ஐந்து கறுப்பின வீரர்களோடு தொடங்கிய டெக்சஸ் வெஸ்டர்ன் ரப்பை ஜெயித்ததையும் அந்தக் கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும். பின்னாளில் கோச்சான டபி ஸ்மித் வந்த முதல் வருஷமே, 1998-ல், கோப்பையைக் கொண்டுவந்தார். அவருக்கு முன்னால் இருந்த கோச் பிட்டினோ சேர்த்த பையன்களை வைத்து ஜெயித்தார் என்று அதையும் கழித்துவிட்டார்கள். ஹாலுக்கு ஆறு வருஷம் கொடுத்த பொறுமை டபிக்கு ஏன் கிடைக்கவில்லை? இந்த ஊர் அளவுகோல் ஆளுக்கு ஆள் நீளும், சுருங்கும்.

சரி, என் கதை. 2025 பிப்ரவரி 1, காலிபரி அர்கன்சா கோச்சாகத் திரும்பி வந்த இரவு. அவர் தலை தெரிந்ததும் அரங்கம் முழுக்கக் கூச்சல். நானும் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் என் ஒன்பது வயது மகள். "அப்பா, நம்ம வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிற அங்கிள்தானே இவர்?" என்றாள். சாம்பியனான 2012 கென்டக்கி அணியோடு அவர் நிற்கும் படம், நான்தான் ஒட்டினேன். நாங்கள் 79-89 என்று தோற்றதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பால் எடுக்கும்போதெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

லூயிவில்காரன்

எதிரி முகாமிலிருந்து ஒரு வரி. பிட்டினோ எங்கள் லூயிவில் அணிக்குக் கோச்சாக வந்ததும் துரோகி என்றீர்கள். 2024 அக்டோபரில் உங்கள் சீசன் தொடக்க விழாவான பிக் புளூ மேட்னஸுக்கு போப் கூப்பிட்டு அவர் ரப் அரீனாவில் கால் வைத்ததும் எழுந்து நின்று கைதட்டினீர்கள். என் கென்டக்கி மச்சான் டிவி முன்னால் அழுதான், அவனுக்கு டிஷ்யூ எடுத்துக் கொடுத்தவன் நான். காலிபரிக்கும் ஒருநாள் இதே கைதட்டல் வரும் பாருங்கள்.

பொறுமைசாலி

2024-ல் பிட்ஸ்பர்க்கில், காலிபரியின் கென்டக்கி சின்ன அணியான ஓக்லண்டிடம் தோற்ற மேட்ச் பார்த்தேன். அவர்களின் ஜாக் கோல்கி பத்து த்ரீ (மூன்று புள்ளி ஷாட்) போட்டான். ஏழாவதுக்குப் பிறகு என் முன்வரிசைக்காரர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார், மேட்ச் முடியும்வரை எடுக்கவில்லை. அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முதல் சீசனை வைத்து யாரையும் எடைபோடாதீர்கள். போப் முதல் வருஷம் 24 வெற்றி, 12 தோல்வி, டியூக்கை 77-72 என்று ஜெயித்தார், டென்னசியை சீசனில் இரண்டு முறை ஜெயித்துவிட்டு என்சிஏஏ டோர்னமென்ட்டின் கடைசிப் பதினாறு அணிகள் சுற்றில் (ஸ்வீட் 16) அவர்களிடமே தோற்றார். இது நல்லதா கெட்டதா என்று இப்போதே கேட்டால், நான்கு வருஷம் கழித்து வாருங்கள் என்பேன். அதோடு இன்றைய கல்லூரி வீரர்களுக்குத் தங்கள் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்து வருமானம் வருகிறது, கல்லூரி மாற வழிசெய்யும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வருஷாவருஷம் அணியே மாறுகிறது. போப் வந்தபோது பழைய அணியில் கிட்டத்தட்ட ஒருவரும் மிஞ்சவில்லை. ரப்புக்கு இந்தத் தலைவலி கிடையாது. அப்புறம், டிக்கெட்டைக் கடைசி நேரத்தில் வாங்குங்கள், சின்ன அணிகளோடு ஆடும் நவம்பர் மேட்ச்களுக்கு விலை இறங்கும். காரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடங்கள். மேல் வரிசை செங்குத்து, வயதானவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். பிளேயர் பெயர் போட்ட சட்டை வாங்காதீர்கள், அடுத்த வருஷம் அவன் எந்த ஊரில் இருப்பானோ. மனசு ரொம்ப நொந்தால் மெமோரியல் கொலீசியத்துக்குப் போய் எங்கள் பெண்கள் வாலிபால் அணியைப் பாருங்கள். 2020 சீசன் சாம்பியன்கள், ரத்தக் கொதிப்புக்கு நல்லது. இன்னொன்று, தோற்ற இரவில் வாட்ஸ்அப்பைத் தொடாதீர்கள்.

நீலச்சட்டை96

பொறுமைசாலி, கடைசி வரியை ஒரு வருஷம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா.

பாதித்தலை, அந்த வலது பக்கம் என்ன ஆயிற்று?

பாதித்தலை

வெட்டினார். ஆனால் ஹாலை முடித்துவிட்டு பிட்டினோவுக்குள் நுழைந்துவிட்டார், 92-ல் டியூக்கின் லேட்னர் கடைசி நொடியில் போட்டு கென்டக்கியை வீழ்த்திய பந்து வந்ததும் கத்தரி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது. மீட்டிங்கில் கேமராவை அணைத்தே வைத்திருந்தேன். அடுத்த மாதமும் அதே கடைக்குத்தான் போனேன், டபி பற்றிக் கேட்க வேண்டும் என்று. அன்று அவர் கடையில் இல்லை, மகன்தான் இருந்தான். அவனுக்குக் கூடைப்பந்தே பிடிக்காதாம்.