நெடுந்தீவு போறவைக்கு: படகு, கிணறு, கல்வேலி

புங்குடுதீவின் படகுத்துறையான குறிகட்டுவானில் பலருக்கும் நடப்பது இதுதான்: நெடுந்தீவுப் படகு போயிருக்கும், நயினாதீவுப் படகு நிற்கும். இரண்டுக்கும் துறை ஒன்று. நயினாதீவுக்குக் கால் மணித்தியாலம் போதும், படகும் அடிக்கடி உண்டு. நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும், படகு நாளுக்குச் சில தடவைதான். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை, வேலணை, புங்குடுதீவு வழியாக வரும் 776 பஸ்ஸும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும்; ஆகவே விடியவே வெளிக்கிடுங்கள். நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் கால் வைத்ததும் கேட்க வேண்டியது கடைசிப் படகின் நேரம். காற்றைப் பார்த்து அது மாறும்.

சோளகக் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்ரெம்பர் வரை, போகும்போது படகு காற்றை எதிர்த்துத் தென்மேற்கே ஓடும். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில் இருந்தால் நனைவதும் குலுங்குவதும் அதிகம். வாந்தி வரும் ஆட்கள் பின்பக்கம் நடுவில் இருக்கட்டும். திரும்பும்போது காற்று முதுகில், அவ்வளவு ஆட்டம் இராது.

*

மேலே சொன்னதோடு தண்ணீரையும் சேர்க்க வேணும். குடிக்க ஆளுக்கு 3 லீற்றராவது கொண்டு போங்கள். கடையில் வாங்கலாம்தான், ஆனால் தீவில் நன்னீர் எவ்வளவு அருமை என்று தெரிந்தவர் அதை நம்பிப் போகமாட்டார்.

நிலத்துக்குக் கீழே சுண்ணக்கல். மாரி மழை அதற்குள் இறங்கி, கடல்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும்: மோட்டர் வைத்து மளமளவென்று இறைத்து மேல்மட்டம் கொஞ்சம் இறங்கினாலும், அடியிலிருந்து உவர்நீர் பல மடங்கு ஏறிவிடும். ஒருமுறை உவரான கிணறு நல்ல மழை கண்டால்தான் தேறும். தீவில் நன்னீர் தரும் சாராப்பிட்டிக் கிணறுகளை ஊரே பொன்போலப் பார்ப்பதன் காரணம் இதுதான். அங்கே கால் கழுவுவதோ, வாளியை நிலத்தில் வைத்துவிட்டு அப்படியே கிணற்றுக்குள் விடுவதோ வேண்டாம்.

தீவில் கட்டுப்பாடின்றித் திரியும் கட்டாக்காலிக் குதிரைகளும் இந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. கடும் வரட்சியில் அவை தாகத்தால் செத்திருக்கின்றன. படம் எடுக்கத் துரத்தினால், தண்ணீர்க் குழியை விட்டு வெயிலில் ஓட வைக்கிறீர்கள். தூர நின்று எடுங்கள்.

*

கல்வேலி பற்றி ஒன்று. முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, சாந்து இல்லாமல் அடுக்கியதுதான் அது. பெருங்கல் அடியில், சிறுகல் இடுக்குகளில். இடைவெளியால் காற்று புகுந்து போகும், அதனால் வாடைக் காற்றுக்கும் விழாமல் நிற்கிறது. ஏறி நின்றால் ஒரு கல் நழுவும், அதோடு பக்கத்துக் கற்களும் சரியும். கடலில் புதிதாகக் கல் எடுக்கச் சட்டம் விடாது. விழுந்ததைத்தான் திருப்பி அடுக்க வேணும். ஒல்லாந்தர் கோட்டையின் சுவரும் இதே முருகைக்கல்தான், அது சுண்ணச்சாந்தில் கட்டியது. இப்போது சாந்து உதிர்கிறது, சுவருக்குக் கீழே நிழலுக்கு ஒதுங்காதீர்கள். நிழல் வேணுமென்றால் பெருக்கமரத்துக்கு (பாவோபாப்) போங்கள்.

பழைய படகுகளைப் பற்றி ஊரவரோடு கதைக்கும்போது குமுதினி என்ற படகின் பெயர் வரும். 1985 மே 15 அன்று அதில் போன பயணிகள் கடலில் வைத்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கதையை நீங்களாகக் கிளறாதீர்கள். அவர்களாகச் சொன்னால் இருந்து கேளுங்கள்.